ஓர் ஆளுக்கு ஒரே சாவி!

"மாமா...!"

அந்த அலறல் சோப்புத்தூள் தொழிற்சாலையின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

அதற்குள் 'அண்டா' ஓடத் தொடங்கியிருந்தது.

அண்டா என்பது தொழிலாளிகள் வைத்த பெயர். உண்மையில் அது ஒரு கலவை இயந்திரம். ஒரு காரையே நிறுத்தி வைக்கலாம், அத்தனை பெரிய வயிறு. வயிற்றுக்குள் திருகு திருகாக இரும்புத் தகடுகள்.

அந்தத் தகடுகளுக்கு நடுவே ஒரு மனிதர் இருந்தார்!

மூடியருகே டார்ச்சுடன் நின்றிருந்தவள் பாய்ந்தாள். தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

தகடுகள் நின்றன.

உள்ளே இருந்தும் சத்தம் நின்றது.

"மாமா... என்னைப் பாருங்க மாமா..."

பாதி உடம்பை உள்ளே விட்டு அவர் கையைப் பிடித்தாள். கை சூடாகத்தான் இருந்தது. ஆனால் பிடிக்குப் பிடி கொடுக்கவில்லை.

இறந்தவர் முதலாளி. தொழிலாளிகளுக்குப் 'பெரியவர்'. அவளுக்குக் கணவனின் அண்ணன்.

அவள் அங்கே பாதுகாப்பு அதிகாரி. காதில் பஞ்சு வைத்தாயா, கையில் உறை போட்டாயா என்று நாள் முழுக்க நச்சரிப்பதால் எல்லோரும் வைத்த பட்டம், 'ரூல்ஸ்'.

அலறலைக் கேட்டு, ஸ்விட்சுகள் இருக்கும் பேனல் ரூமை எட்டிப் பார்த்த போர்மேன் அங்கிருந்து ஓடி வந்தார். அவர் முகம் சோப்புத்தூளை விட வெளுப்பாக இருந்தது.

"மெயின் ஸ்விட்ச் ஏத்தியிருக்கும்மா! பூட்டு... பூட்டு கீழே திறந்து கிடக்குது!"

"எந்தப் பூட்டு?"

"உங்க போட்டோ ஒட்டின பூட்டும்மா...!"

"நான் பூட்டினேனே...!" என்றாள் ரூல்ஸ்.

அப்போதுதான் பின்கதவு வழியாக அவள் கணவன் ஓடி வந்தான். தொழிலாளிகளுக்குச் 'சின்னவர்'. மின்சாரம், பராமரிப்பு எல்லாம் அவன் பொறுப்பு.

வந்தவன் அண்டாவைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தான்.

சுவரில் முட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

பாவம்... எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள் ரூல்ஸ்.

"உள்ளே... உள்ளே யாரு?" என்றான்.

"மாமாங்க..."

அவன் போட்ட ஓலத்தில் போர்மேனே அழுதுவிட்டார்.

★

இன்ஸ்பெக்டர் தும்மினார்.

"இந்த சோப்பு வாசனை எனக்கு ஆகாது. ரூல்ஸ்ங்கறது உங்க பேராம்மா?"

"பட்டம் சார்."

"எனக்கும் ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்கு. என் முன்னாடி மட்டும் சொல்ல மாட்டாங்க."

பின்னால் நின்ற பெண் கான்ஸ்டபிள் அவசரமாக ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி, மிஷின் விவகாரத்தை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என் வீட்டு மிக்ஸியே என் பேச்சைக் கேக்காது."

ரூல்ஸின் சேலையில் ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்க்காமல் பேசினாள்.

"உள்ளே போற ஆளுக்கு ரெண்டு காவல் சார். ஒண்ணு அரசாங்கம் போட்டது. மூடி திறந்திருந்தா மிஷின் ஓடக் கூடாது. அதுக்கு மூடியில ஒரு ஸ்விட்ச். இது கட்டாயம். இல்லேன்னா லைசென்ஸ் போயிடும்."

"ரெண்டாவது?"

"நாங்களா போட்டுக்கிட்டது. விருப்ப விதி. உள்ளே போறவர் பேனல் ரூம்ல மெயின் ஸ்விட்சை இறக்கி, தன்னோட பூட்டை அதுல மாட்டணும். பூட்டுல அவர் போட்டோ இருக்கும். சாவி அவர் பையில. அவரே வெளிய வந்து திறந்தாத்தான் ஸ்விட்சை ஏத்த முடியும். ஓர் ஆள்... ஒரு பூட்டு... ஒரே சாவி."

"கடையில பூட்டு வாங்கினா ரெண்டு சாவி குடுப்பானே?"

"ரெண்டாவதை எல்லார் முன்னாடியும் சுத்தியால அடிச்சு உடைச்சுடுவோம்."

"சட்டமே கேக்காத வேலையை ஏம்மா இழுத்துப் போட்டுக்கிட்டீங்க?"

"மாமா சொல்வார் சார்... 'சட்டம் வீட்ல பார்த்து வெச்ச கல்யாணம். நாமளா போட்டுக்கிட்ட ரூல் காதல் கல்யாணம். இதை மீறினாத்தான் அசிங்கம் ஜாஸ்தி'னு."

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பூட்டை மேஜை மேல் வைத்தார். சிவப்புப் பூட்டு. அதன் வயிற்றில் ரூல்ஸின் சிரித்த முகம்.

"உள்ளே போனது உங்க மாமா. பூட்டுல இருக்கறது நீங்க. கணக்கு இடிக்குதே?"

"திங்கக்கிழமை காலையில அண்டாவைக் கழுவினதும் உள்ளே போய்ப் பார்க்கறது நான்தான் சார். வாராவாரம். இன்னைக்கும் என் பூட்டை மாட்டிட்டு வந்தேன். மாமா மூடிகிட்ட நின்னுட்டிருந்தார். 'ஒரு தகட்டுல வெல்டிங் விட்டிருக்காம், நானே பார்க்கறேன்'னார்."

"அவர் பூட்டு?"

"கேட்டேன். 'உன் பூட்டுதான் தொங்குதில்ல? சாவியைக் குடும்மா, அஞ்சு நிமிஷ வேலை'ன்னார்."

"குடுத்துட்டீங்க!"

"குடுத்துட்டேன்..."

"இதுக்கு முன்னாடி இப்படிக் குடுத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை கூட இல்லை சார்."

அந்தச் சாவி பெரியவரின் சட்டைப் பையில் இருந்து எடுக்கப்பட்டிருந்தது. அதையும் இன்ஸ்பெக்டர் எடுத்து வைத்தார்.

"சாவி செத்தவர் பையில. பூட்டு தரையில. யாரோ ஸ்விட்சை ஏத்திப் பொத்தானை அமுக்கியிருக்காங்க. யார்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. பூட்டு இல்லாத ஸ்விட்சுன்னு நினைச்சு எவனாவது ஏத்தியிருந்தா அது விபத்து. அப்போ குத்தவாளி, சரியாப் பூட்டாத நீங்க."

"நான் பூட்டினேன் சார். இழுத்துக் கூடப் பார்த்தேன்."

"நிச்சயமா?"

நிச்சயம் என்று சொல்ல வாய் திறந்தாள்.

வரவில்லை.

கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் அவள். மூடித்தான் இருக்கும். எப்போதும் மூடித்தான் இருக்கும். ஆனாலும் ஓடுவாள்.

"நி... நிச்சயமாத்தான் சார்..."

"இந்தப் பூட்டோட ரெண்டாவது சாவியை உடைச்சாச்சா?"

"போன வாரம்தான் சார். என் பழைய பூட்டு இறுகிப் போச்சு. என் வீட்டுக்காரர் இதை வாங்கிட்டு வந்தார். அவரே உடைச்சார். எல்லாரும் பார்த்தாங்க. கை தட்டினாங்க."

இன்ஸ்பெக்டர் மறுபடி தும்மினார்.

"அப்போ சாயங்காலத்துக்குள்ள உங்க மேல கேஸ் எழுதியாகணும்மா. அலட்சியத்தால மரணம். ஜெயில்தான். பூட்டை ஒருவேளை பிசாசு திறந்திருந்தா... அதைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து வாங்கிக்கறேன்!"

★

வராந்தாவில் கணவன் காத்திருந்தான். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

அவளை ஓரமாக இழுத்தான்.

"என்ன சொன்னே?"

"நடந்ததைச் சொன்னேங்க."

"பூட்டைச் சரியா அமுக்கினியா?"

"இழுத்துப் பார்த்தேங்க..."

"ரூல்ஸ்... என்னைப் பாரு. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? வாசல்ல பூட்டிட்டு மூணு தடவை வந்து ஆட்டிப் பார்க்கறவ நீ. உனக்கே உன் கை மேல நம்பிக்கை கிடையாது. இன்னைக்குச் சரியா விழலை. அவ்வளவுதான். மனுஷங்களுக்கு நடக்கறதுதான்."

அவன் சொன்ன விதத்தில் அது உண்மை போலவே இருந்தது.

"சரிங்க... ஆனா மூடி ஸ்விட்ச்? பூட்டு விழலேன்னாலும் மூடி திறந்திருக்கப்போ மிஷின் ஓடியிருக்கக் கூடாதே? நீங்க சரி பண்ணிடறேன்னு சொன்னீங்களே?"

அவன் முகம் ஒரு கணம் இறுகியது.

போன மாதம் இதே அண்டாவில் ஒரு தொழிலாளியின் விரல்கள் போயின. மூடி திறந்திருந்தபோதே ஓடிவிட்டது என்று அந்த ஆள் கதறினான். ஸ்விட்ச் சரியாகத்தான் இருக்கிறது, இவன் குடித்திருந்தான் என்று அவள் கணவன் சாதித்தான். தம்பி சொல்லே வேதம் என்று பெரியவர் அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பினார்.

போன வாரம்தான் ரூல்ஸ் பார்த்தாள். மூடி ஸ்விட்சை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. மூடி அதிரும்போதெல்லாம் இயந்திரம் நிற்கிறதே, உற்பத்தி குறைகிறதே என்று கட்டியது அவள் கணவன்தான்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னாள். "நீங்களே மாமாகிட்டச் சொல்லிடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சோதனைக்கு வெளியாளுங்க வர்றாங்க. அதுக்குள்ள நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

அவன் சிரித்தான். "வீட்டுக்குள்ளயே போலீஸா? சரி பண்ணிடறேன்டி. சொல்லிடறேன், போதுமா?"

அவள் நம்பினாள். கட்டிக்கொண்டவனை நம்பாமல் யாரை நம்புவது?

"எவனோ மறுபடி கட்டியிருக்கான்," என்றான் இப்போது. குரலைத் தாழ்த்தினான். "அதைப் பத்தி வாயே திறக்காதே. தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு உன்னைத்தான் பிடிப்பாங்க. பூட்டு சரியா விழலைன்னு ஒத்துக்கோ. நல்ல வக்கீலா வெச்சு உன்னை வெளிய எடுக்கறேன். நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்க..."

அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தத் தோளை விட்டால் அவளுக்கு இன்று வேறு தோள் இல்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"அம்மா, அந்த ரத்தக்கறைத் துணி எங்களுக்கு வேணும். வீட்டுக்குப் போய் மாத்திட்டு எடுத்துட்டு வந்துடுங்க. கான்ஸ்டபிள் கூட வருவாங்க."

"வீட்டு கேட் சாவி உங்ககிட்டதானே இருக்கு? நான் கிளம்பினப்புறம்தானே நீங்க வந்தீங்க?" என்றாள் ரூல்ஸ் கணவனிடம்.

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேண்ட் பைக்குள் கைவிட்டான். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரல்களை அவனே மடக்கி மூடினான்.

"பார்த்துப் போ."

பெண் கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டாள்.

ஜீப்பில் ஏறும்போது சொன்னாள். "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. என் வீட்டுக்காரர் சாவியைத் தூக்கித்தான் எறிவார். பிடிக்கலேன்னா அதுக்கும் திட்டுவார்."

★

சாவி பூட்டுக்குள் போனது.

திரும்பவில்லை.

ரூல்ஸ் வெளியே எடுத்தாள். முந்தானையால் துடைத்து மறுபடி போட்டாள். போனது. திரும்பவில்லை.

"கை நடுங்குதுக்கா உங்களுக்கு. தள்ளுங்க, நான் பார்க்கறேன்."

கான்ஸ்டபிள் பலம் கொண்ட மட்டும் திருகினாள். பல்லைக் கடித்தாள். பூட்டைத் தட்டினாள். ஊதினாள்.

"என்னக்கா இது, ஸ்டேஷன் லாக்கப்பை விட மோசமா இருக்கு! வேற சாவி இருக்கா?"

"இல்லை. ஒரு சாவிதான். வாங்கினப்பவே இன்னொண்ணு வழியில எங்கேயோ விழுந்துடுச்சுன்னு சொன்னார்."

"பூட்டு புதுசா இருக்கே?"

"போன வாரம்தான் வாங்கினார். எனக்கு ஃபேக்டரிக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. ஒரே கடையில, ஒரே மாதிரியா..."

பேச்சு நின்றது.

ரூல்ஸ் பூட்டைப் பார்த்தாள். சிவப்புப் பூட்டு. அதே உருவம். அதே கனம். அவள் போட்டோ ஒட்டவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"இது இந்தப் பூட்டோட சாவியே இல்லக்கா," என்றாள் கான்ஸ்டபிள். "போனைப் போட்டு அவரைக் கேளுங்க. வேற சாவியை மாத்திக் குடுத்துட்டார் போல."

மாத்திக் குடுத்துட்டார்!

ரூல்ஸ் போனை எடுத்தாள். கணவனின் எண்ணைத் தொட்டாள். மணி அடிக்கும் முன் துண்டித்தாள்.

போன வாரம் எல்லோர் முன்னாலும் ஒரு சாவி உடைந்தது. சுத்தியல் விழுந்தது. சாவி இரண்டானது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

ஆனால்... உடைந்தது எந்தப் பூட்டின் சாவி?

உடைக்கும் முன் யாராவது பூட்டில் போட்டுப் பார்த்தார்களா?

இல்லை!

ரூல் போட்டவள் அவள். 'இரண்டாவது சாவியை உடைக்க வேண்டும்' என்று எழுதினாள். 'உடைக்கும் முன் அதே பூட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும்' என்று எழுதவில்லை.

வீட்டு கேட்டின் சாவி ஒன்று உடைந்திருந்தால்... அவள் பூட்டின் இரண்டாவது சாவி முழுசாக எங்கோ இருந்திருக்கும்.

யாரோ ஒருவரின் பையில்.

காலையில் அந்தப் பையில் ஒரே மாதிரி இரண்டு சாவிகள். வேலை முடிந்ததும் பயத்தில் ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கிறது அந்தக் கை.

தப்பான சாவியை!

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

இருக்காது. நான் எப்போதும் தப்பாகத்தான் நினைப்பேன். கேஸ் மூடித்தான் இருக்கும். வாசல் பூட்டித்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான். எனக்குத்தான் புத்தி சரியில்லை...

"அக்கா? துணி மாத்தணுமே?"

"வேண்டாம். ஃபேக்டரிக்குப் போகலாம்."

"என்னக்கா... பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

"போய் ஒரு பூட்டைத் திறந்து பார்க்கணும். திறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கோங்க..."

★

பேனல் ரூம்.

கனமான சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்விட்சுகள். அந்தப் பக்கம் அண்டா. இங்கிருந்து பார்த்தால் அண்டாவும் தெரியாது, அதன் அருகே நிற்பவரும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கையில் உறை மாட்டிக்கொண்டு பூட்டை மெயின் ஸ்விட்சின் துளையில் மாட்டினார். அழுத்தினார்.

ரூல்ஸ் சாவியை நீட்டினாள்.

போட்டார்.

திருப்பினார்.

'க்ளிக்!'

அத்தனை சின்ன சத்தம். ரூல்ஸின் மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சத்தம் அவள் கேட்டதில்லை.

"ஓகோ..." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். தும்மலே மறந்துவிட்டது. "பிசாசைக் கூட்டிட்டு வாங்கன்னேன். சாவியையே கொண்டு வந்துட்டீங்களே! அந்தத் தம்பியை வரச் சொல்லு."

கணவன் வந்தான். தோளில் துண்டு. தலை கலைந்திருந்தது.

"அண்ணன் உடம்பை எப்ப சார் குடுப்பாங்க?"

"குடுப்பாங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பூட்டினார். திறந்தார். மறுபடி பூட்டினார். மறுபடி திறந்தார். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி.

கணவனின் கண்கள் சாவியில் நிலைத்தன. பிறகு கை தானாகப் பேண்ட் பையைத் தடவியது.

காலிப் பை.

"உங்க மனைவி கொண்டு வந்த சாவி. நீங்கதான் குடுத்தீங்களாம்?"

ரூல்ஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது, யாரோ என் பையில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பொய்யாகவே இருந்தாலும் பரவாயில்லை. நம்பிவிடத் தயாராக இருந்தாள்.

"நானா?" என்றான் அவன். "நான் எந்தச் சாவியும் குடுக்கலையே சார்!"

"என்னங்க...?"

"சொல்லவே வாய் கூசுது சார். அவளுக்கு அண்ணனைப் பிடிக்காது. அவர்தான் எங்களைத் தனியா வாழ விடாமப் பண்றார்னு தினமும் சண்டை. பூட்டு அவளோடது. சாவி அவகிட்ட. அண்ணனை உள்ளே அனுப்பினதும் அவதான். இதுக்கு மேல நான் என்ன சொல்றது? ஏன்டி... ஏன்டி இப்படிப் பண்ணினே? கேட்டிருந்தா நான் தனிக்குடித்தனமே வந்திருப்பேனேடி!"

அழுதான். நிஜக் கண்ணீர்.

சற்று முன் அவள் விரல்களை மடக்கி மூடிய அதே கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"ம்க்கும்!" என்று ஒரு கனைப்பு.

பெண் கான்ஸ்டபிள்.

"சார், ஒரு சந்தேகம். வராந்தாவுல இவர் பைக்குள்ள கைவிட்டுச் சாவியை எடுத்து அக்கா கையில வெச்சப்போ, பக்கத்துல காக்கிச் சட்டை போட்டுட்டு ஒருத்தி நின்னாளே... அது நான்தானே? இல்லே, தூணுக்குக் காக்கி போட்டு நிறுத்தியிருந்தாங்களா?"

கணவனின் அழுகை, குழாயை மூடினாற்போல் நின்றது.

"சார், அது வந்து... பதட்டத்துல மறந்துட்டேன்..."

"மறதி வேற! அண்ணன் சொத்துல கண்ணு. அதானே?"

"இல்லை சார்!" அவன் நெஞ்சில் அறைந்துகொண்டான். "எங்கப்பா போனப்புறம் என்னை வளர்த்தவர் சார் அவர்! என் அண்ணனை நான் கொல்லுவேனா? அவர் மேல ஒரு தூசி விழுந்தாக்கூடத் தாங்க மாட்டேன் சார்! சத்தியமா சொல்றேன்!"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அந்தக் குரலில் பொய் இல்லை. முப்பது வருட போலீஸ் காதுக்கு அது தெரியும்.

"இடிக்குதே..." என்று முணுமுணுத்தார்.

"அவர் பொய் சொல்லலை சார்," என்றாள் ரூல்ஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

அவள் குரல் நடுங்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக நடுங்கவில்லை.

"அவருக்கு அண்ணன்னா உசுருதான். அவர் அண்ணனைக் கொல்ல வரலை."

"பின்னே?"

"மாமா உள்ளே போகப் போறார்னு மாமாவுக்கே அங்க வந்து நிக்கற வரைக்கும் தெரியாது. என் சாவியை அவர் கேப்பார்னு எனக்கே தெரியாது. அப்புறம் எப்படி சார் போன வாரமே ஒருத்தர் தயார் பண்ண முடியும்? அதுவும் மாமா பூட்டோட சாவியை இல்லை..."

பூட்டைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு வயிற்றில் ஒட்டியிருந்த முகம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

"இது யார் பூட்டு சார்?"

கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை காலையில யார் உள்ளே போவாங்க? இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னா யார் தெரிவாங்க? தொங்கற போட்டோ மட்டும்தான் தெரியும். அந்தப் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் திறந்திருக்கார்." ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். "மூடி ஸ்விட்சைக் கட்டினது அவர் சார். அதனாலதான் ஒரு ஆளுக்கு விரல் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள மாமாகிட்டச் சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்னேன். அதுக்கடுத்த நாள்தான் எனக்குப் புதுப் பூட்டு வாங்கிட்டு வந்தார்..."

ரூல்ஸ் கணவனிடம் திரும்பினாள்.

"காலையில ஓடி வந்து என்னைப் பார்த்தீங்களே... எனக்கு ஒண்ணும் ஆகலேன்னு சந்தோஷப்பட்டீங்கன்னு நினைச்சேங்க."

ஏதோ அறுந்தது அவனுக்குள்.

"ரூல்ஸ்... ரூல்ஸ்... ரூல்ஸ்னு உசுரை வாங்குவியேடி!" கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. "சோறு திங்கறதுக்குக் கூட ரூல் வெச்சிருப்பியே! ஓர் ஆள், ஒரு பூட்டுன்னு ஊருக்கெல்லாம் ஓதுவியே! இன்னைக்கு ஒரு நாள்... ஒரே ஒரு நாள் ஏன்டி அதை மீறினே? நீ ஒழுங்கா உள்ளே போயிருந்தா என் அண்ணன் உசுரோட இருந்திருப்பாரேடி...!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

ரூல்ஸ் அழவில்லை.

"அதை நீங்க மாமாவைத்தான் கேக்கணும்," என்றாள். "அவர்தான் என்னை உள்ளே விடலை."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அண்ணே... அண்ணே..." என்று அரற்றினான். அந்த அழுகை நிஜம். காலையிலிருந்தே நிஜம்தான். அதுதான் அவளை ஏமாற்றியது.

"எழுந்திருங்க தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் வரலை... நான் எங்கேயும் வரலை... எங்க வக்கீல் வரட்டும். அதுவரைக்கும் உங்க கூட வர எனக்கு விருப்பம் இல்லை..."

கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"விருப்பப்பட்டா செய்யறதெல்லாம் உங்க ஃபேக்டரிக்குள்ள வெச்சுக்குங்க சார்... எங்க ஜீப்ல ஏறுறது கட்டாயம்!"